ஞாயிற்றுக்கிழமை போகி

1

இந்த வருஷம் போகி சனிக்கிழமையில் வந்து விழுந்திருக்கிறது. ஜெர்சி சிட்டியில் எங்கள் கட்டடத்துத் தமிழர்களுக்கு அதில் பெரிய நிம்மதி. லீவு போட வேண்டாம், பண்டிகையைத் தள்ளி வைக்க வேண்டாம். மூன்றாவது மாடி ராஜி ஆன்ட்டி போன் பண்ணி, பார்க்கில் பார்பிக்யூ அடுப்பு இருக்கிறது, ஆளுக்கு ரெண்டு பழைய சாமான் கொண்டுவந்தால் சாஸ்திரத்துக்குக் கொளுத்திவிட்டு வந்துவிடலாம் என்றார். நான் போனைப் பொத்திக்கொண்டு வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

என் மகள் காவ்யாவுக்குப் பதினோரு வயது. சீரியல் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல், "இஸ் இட் எ ரன் டே?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் மனோகர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ராஜி ஆன்ட்டியிடம் எனக்கு இருமல் என்று பொய் சொல்லி வைத்தேன்.

காவ்யா கேட்ட கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஊரில் இருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாலு வருஷமாக வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறவள், எழுத நேரமில்லை என்று சொல்ல முடியாது.

2

இங்கே வருவதற்கு முன்னால் நாங்கள் இருந்தது மேற்கு டெக்சாஸில், பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஊர். பக்கத்துப் பெரிய ஊரான எல் பாசோவுக்குப் போகவே காரில் இரண்டு மணி நேரம் ஆகும். தமிழ்க் குடும்பம் எங்களையும் சேர்த்து நாலு. கலிபோர்னியாவில் பே ஏரியாவில் இருக்கும் என் கல்லூரித் தோழி ஒருத்தி ஒரு தடவை வந்துவிட்டு, "ஏன்டி, இதுக்கு நீ பாஸ்போர்ட்டே எடுத்திருக்க வேண்டாமே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

நான் கோவில்பட்டிக்காரி. புழுதி எனக்குப் புதுசு இல்லை. ஆடி மாதம் காற்று கிளம்பினால் எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடங்களுக்கெல்லாம் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிவைப்போம். குழாயில் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒரு நாள். அந்தத் தண்ணீரில் புழுதி விழுந்தால் அம்மா வீட்டில் எல்லோரையும் வைவாள். டெக்சாஸிலும் நான் வாசற்கதவின் இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வைக்கிறேன் என்று போனில் சொன்னபோது, "அமெரிக்காவுலயும் புழுதிதானாக்கும்? அதுக்கு இங்கனயே கெடந்திருக்கலாமே" என்றாள்.

ஆனால் அந்தப் புழுதி வேறு மாதிரி. மூன்று வருஷமாக மழை இல்லை. பருத்திக் காடுகளை உழுதுவிட்டு விதைக்காமல் போட்டிருந்தார்கள். காற்று அடித்தால் அந்த மண் அப்படியே எழும்பி வரும். பிப்ரவரி, மார்ச்சில் பகல் பன்னிரண்டு மணிக்குக் காரில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு போன நாட்கள் உண்டு. புல்லுக்குத் தண்ணீர் விடுவதற்கு முறை வைத்திருந்தார்கள். வீட்டு நம்பர் ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு நாள், இரட்டைப்படையாக இருந்தால் இன்னொரு நாள். கோவில்பட்டியில் முறைத் தண்ணீருக்குச் சண்டை போட்டு வளர்ந்த எனக்கு, புல்லுக்கு முறை வைக்கிற ஊரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

எனக்கு அங்கே உத்தியோகம் தூசியை எடை போடுவது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் விஷயம் அவ்வளவுதான். ஊர் நிர்வாகத்தின் காற்றுப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டே பேர். ஒருத்தி டோலோரஸ், என் மேலதிகாரி, ஐம்பது வயதுக்காரி. செண்பகம் என்ற என் பேர் அவள் வாயில் நுழையாது, ஷென் என்பாள். காற்றின் சுத்தத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசிவிட்டு வெளியே போய் நின்று சிகரெட் பிடிப்பாள். இன்னொருத்தி நான், எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, அங்கே ஒரு யுனிவர்சிட்டியில் இன்னொரு தடவை படித்த எம்.எஸ். ஊரில் சில கட்டடங்களின் மொட்டை மாடியில் தகரப்பெட்டி வைத்திருந்தோம். சாம்ப்ளர் என்போம். உள்ளே வாக்குவம் கிளீனர் மாதிரி ஒரு மோட்டார், அதற்கு மேலே ஒரு வெள்ளை ஃபில்டர் தாள். ஆறு நாளைக்கு ஒரு தடவை, நள்ளிரவிலிருந்து மறு நள்ளிரவு வரை, அது தானாக ஓடி ஊர்க்காற்றை உறிஞ்சும். அந்த நாளுக்குப் பெயர்தான் 'ரன் டே'. தாளை முன்னும் பின்னும் எடை போட்டால் வருகிற வித்தியாசம் ஊர்ப் பிள்ளைகள் அன்றைக்கு மூச்சில் இழுத்த தூசி. எந்தெந்தத் தேதி ரன் டே என்று வருஷம் முழுவதற்கும் அச்சடித்த காலண்டர் ஒன்று எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும். அதற்குப் பக்கத்தில் கோவில்பட்டியிலிருந்து அம்மா அனுப்பிய தினசரிக் காலண்டர் தொங்கும்.

மனோகர் பெரம்பூர்க்காரர். மெட்ராஸில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுன்டன்டாக இருந்தார். என் எச்-ஒன் வேலை விசாவில் ஒட்டிக்கொண்டு எச்-ஃபோரில் வந்தார். எச்-ஃபோர்க்காரர் வேலை பார்க்கக் கூடாது. ஆறு வருஷம் அவர்தான் சமைத்தார், காவ்யாவை ஸ்கூலில் விட்டார், லைப்ரரியில் கம்ப்யூட்டர் புத்தகம் எடுத்துத் தானே படித்தார். ஊரில் கேட்டால் 'ஆராய்ச்சி பண்றார்' என்று சொல்லி வைத்திருந்தோம். என் ஆபீஸ் மூலமாக கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்தோம். அது வந்தால்தான் அவர் வெளியே வேலைக்குப் போக முடியும். என் ஆறு வருஷ விசாக் கணக்கு அந்த மே மாதத்தோடு முடிகிறது. டோலோரஸ் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு கடிதம் மட்டும்தான் பாக்கி.

3

அந்த வருஷம் போகி திங்கட்கிழமை வந்தது. எங்கள் பக்கத்தில் போகி என்றால் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவதோடு சரி. கொளுத்துவது, கொட்டடிப்பது எல்லாம் மெட்ராஸ்காரர்கள் வேலை. அதற்கு முந்தின கோடையில்தான் அபார்ட்மென்டை விட்டு ஒரு தனி வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்தோம். பின்னால் ஒரு முற்றம், முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் காவ்யாவின் ஸ்கூல். முற்றத்தைப் பார்த்த நாளிலிருந்தே மனோகர் போகியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பிள்ளைக்கு ஒரு தடவையாவது காட்ட வேண்டாமா என்று அவருக்கு.

ஸ்கூல் மாடியில் எங்கள் சாம்ப்ளர் ஒன்று இருந்தது. அது தெரிந்துதான் நான் ஃபிரிட்ஜ் காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை ரன் டே இல்லை. வெட்டவெளியில் குப்பை கொளுத்தக் கூடாது என்று ஊர்ச் சட்டம் இருப்பதும் எனக்குத் தெரியும். பார்பிக்யூ அடுப்பில் நாலு அட்டைப்பெட்டியைப் போட்டால் அது குப்பையா என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடி, சரி என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் மற்ற மூன்று குடும்பங்களும் வருவதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலையில் யாருக்கும் முடியாது, ஆபீஸ், ஸ்கூல். அமெரிக்காவில் நம் பண்டிகைகள் எல்லாம் சனி, ஞாயிறில்தானே பிறக்கின்றன. தீபாவளியே நாலு நாள் தள்ளி வருகிறது, போகி ஒரு நாள் முந்தினால் என்ன என்று ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். நான் மறுபடி காலண்டரைப் பார்க்கவில்லை. ரன் டே சனி, ஞாயிறில் வந்தால் முந்தின வெள்ளிக்கிழமை நான்தான் ஏணியில் ஏறிப் புதுத் தாள் வைப்பேன். அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, பொங்கலுக்கு வெல்லமும் பச்சரிசியும் வாங்க எல் பாசோ போயிருந்தேன். மெக்சிகன் கடையில் கரும்பு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. தாளை டோலோரஸ் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியக் காலையில் கொளுத்தினோம். பார்பிக்யூ அடுப்பு என்பது பாதியாக அறுத்த எண்ணெய் பேரல். நாலு வீட்டுப் பழசும் வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டி, கோரைப்பாய், பெயின்ட் அடித்த உடைந்த நாற்காலி, காரின் கால்மிதி. கால்மிதியின் அடிப்பக்கம் ரப்பர். நான் வேண்டாம் என்று சொன்னேன், அதற்குள் அது உள்ளே போய்விட்டது. காற்றே இல்லாத குளிர். புகை மேலே போகாமல் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் படிந்தது. பிள்ளைகள் கேக் டின்னில் கரண்டியால் கொட்டடித்தார்கள். காவ்யா, "வை ஆர் வி பர்னிங் குட் ஸ்டஃப்?" என்று கேட்டாள். அவள் அப்பா பழையன கழிதல் என்று ஆரம்பித்து நன்னூல் வரைக்கும் போனார். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது நல்ல காலைப்பொழுது. பொய் சொல்ல மாட்டேன், நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

4

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் டோலோரஸ், ஸ்கூல் மாடித் தாளை எடுத்துக்கொண்டு வா, நேற்று ரன் டே என்றாள்.

ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்தேன். புழுதி பிடித்த தாள் வெளிர்ச் செம்மண் நிறத்தில் இருக்கும். இது அடுப்புக்கரியால் தேய்த்த மாதிரி இருந்தது. மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் முற்றமும் அந்த அரைப் பேரலும் கீழே தெரிந்தன. ஒவ்வொரு தாளோடும் ஒரு படிவம் உண்டு. அதில் கடைசியாக ஒரு கட்டம்: அருகில் ஏதாவது தீ, கட்டட வேலை, வழக்கத்துக்கு மாறான விஷயம் இருந்தால் எழுதவும். அந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு அன்று என்னைவிடத் தகுதியான ஆள் அந்த ஊரில் இல்லை. நான் எழுதவில்லை. தாளை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஒரு நாள் உலரவைத்து எடை போட்டேன். அந்தக் குளிர்காலத்திலேயே அதிகமான அளவு அதுதான். டோலோரஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காற்றே இல்லையே, இது எப்படி என்று கேட்டாள். குளிர் அதிகம், வீடுகளில் ஃபயர்ப்ளேஸ் எரித்திருப்பார்கள் என்றேன். அவள் என்னை நம்பினாள். ஆறு வருஷத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் பொய் அது.

5

அந்த அளவோடு விஷயம் முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். ஸ்கூலுக்கு எதிர்ச்சாரியில் ஒரு கல் கிரஷர் இருந்தது. புது ரோடு போடுவதற்காக ஒரு தனியார் கம்பெனி, காவ்யா ஸ்கூலில் சேருவதற்கு முந்தின வருஷம் கொண்டுவந்து வைத்தது. முதலில் தண்ணீர் தெளித்து அரைத்தார்கள். பஞ்சம் வந்து தண்ணீருக்குக் கட்டுப்பாடு வந்ததும் அதைச் சாக்காக வைத்து, காவ்யா சேருவதற்கு முன்பே தெளிப்பதை நிறுத்திவிட்டார்கள். வாரநாளில் பிள்ளைகளை ரிசஸ் என்கிற விளையாட்டு இடைவேளையில் மைதானத்துக்கே விடுவதில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு வகுப்புக்குள்ளேயே விளையாடச் சொல்லுவார்கள்.

ஸ்கூல் அம்மாக்கள் மனு கொடுத்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவள் மார்த்தா. அவளுடைய மகன் டானி காவ்யாவின் வகுப்பு. அவன் பையில் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, இன்ஹேலர் இருக்கும். மார்த்தா ஒரு ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். ஒரு கையெழுத்து என்னுடையது.

கம்பெனி சொன்ன பதில் ஒன்றே ஒன்று: இது பாலைவனம், மழை இல்லை, ஊரே தூசி, எங்களை மட்டும் ஏன் சொல்கிறீர்கள். அதற்கு அம்மாக்களிடம் இருந்த பதில் எங்கள் தாள்கள். ரன் டே ஆறு நாளைக்கு ஒரு தடவை என்பதால் எல்லாக் கிழமையும் மாறி மாறி வரும். கிரஷர் ஓடும் நாளில் தூசி அதிகம், ஞாயிற்றுக்கிழமை அது மூடியிருக்கும்போது குறைவு. இரண்டு வருஷம் ஒரு ஞாயிறு விடாமல் அப்படித்தான் இருந்தது. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நகர மன்றத்தில் ஹியரிங்குக்கு, அதாவது விசாரணைக்கு, தேதி குறித்தார்கள். கம்பெனி வக்கீல் எங்கள் கணக்கையெல்லாம் கேட்டு வாங்கினார். எங்கள் போகியைக் கண்டுபிடித்தார். கிரஷர் மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், குளிர்காலத்திலேயே அதிகமான அளவு. ஆகவே தூசிக்கும் கிரஷருக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார். டோலோரஸ் அந்தக் காகிதத்தை என் மேஜையில் போட்டுவிட்டு, இந்த ஒரு நாளுக்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால் மீதி எல்லா நாளும் ஆட்டம் கண்டுவிடும் என்றாள். ஹியரிங்குக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மதியம் ஸ்கூல் வாசலில் மார்த்தா என்னைப் பிடித்துக்கொண்டு, நீ அங்கேதானே வேலை பார்க்கிறாய், அந்த ஞாயிற்றுக்கிழமை என்னதான் நடந்தது என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். பக்கத்தில் டானி காவ்யாவுக்கு இன்ஹேலரை எப்படி அமுக்குவது என்று காட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து, டோலோரஸிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று மனோகரிடம் சொன்னேன். அவர் பருப்பைத் தாளித்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பேசினார்.

"யாருக்கும்மா தெரியப் போவுது? ஃபயர்ப்ளேஸ்னு சொல்லிட்ட இல்ல, அதோட வுட்டுடு."

"அந்தப் பிள்ளைங்களுக்கு நாமதான் குறுக்க நிக்கிறோம்."

"செண்பகம், ஆறு வருஷம். ஆறு வருஷமா இந்தக் கிச்சன்ல நிக்கறேன். ஒரு கையெழுத்து. அது வந்தப்புறம் நீ யாருகிட்ட வேணா போய்ச் சொல்லு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கேட்டதில் எதுவும் அநியாயம் இல்லை, அதுதான் கஷ்டம். மற்ற மூன்று குடும்பத்துக்கும் போன் பண்ணினேன். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நீங்கள் என்ன செய்தாலும் சரி, எங்கள் பேர் மட்டும் வேண்டாம். அவர்களுக்கும் ஏதாவது ஒரு கடிதம், ஏதாவது ஒரு ஆபீசில் பாக்கி இருந்தது.

அன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் குழாய்த் தண்ணீர் பதினோரு நாளைக்கு ஒரு தடவை என்று ஆகிவிட்டதாகவும், லாரித் தண்ணீரை முறை தப்பிப் பிடித்ததற்காகத் தெருவில் ஒருத்தியோடு எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டதாகவும் சொன்னாள். அவ பிடிச்சதுகூடப் பரவாயில்ல, பிடிக்கலன்னு சத்தியம் பண்ணுறா பாரு, அதத்தான் தாங்க முடியல என்றாள். நான் போன் கார்டில் நிமிஷம் முடிந்துவிட்டது என்று போனை வைத்தேன். நிமிஷம் மிச்சம் இருந்தது.

6

ஹியரிங்குக்கு இரண்டு நாள் முன்னால் டோலோரஸின் அறைக்குப் போய்ச் சொன்னேன். போகி என்றால் என்ன, ஏன் ஞாயிற்றுக்கிழமை, பேரலில் என்னென்ன போட்டோம், ரப்பர் உட்பட எல்லாம். படிவத்தில் அந்தக் கட்டத்தைத் தெரிந்தேதான் காலியாக விட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். மேஜை டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். என் கிரீன் கார்டுக்கான கடிதம். டைப் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, தயாராக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள்.

"கொளுத்தியதற்காக இல்லை," என்றாள். "நான் கேட்டபோது நீ சொன்ன பதிலுக்காக. இனி என்னால் இதில் கையெழுத்துப் போட முடியாது, ஷென்."

அவள் குரல் உடைந்தது, எனக்குத்தான் அழுகை வரவில்லை. இதை அவள் சொன்னால் கேள்விப்பட்டது ஆகிவிடும், நானே வந்து எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றாள். சரி என்றேன். அன்றே எடை அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

மனோகரிடம் சொன்னேன். சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டார். அந்த இரண்டு நாளும் சமைத்தார், பரிமாறினார், காவ்யாவோடு பேசினார். என்னோடு பேசவில்லை. ஹியரிங்குக்கு நான் தனியாகத்தான் போனேன்.

நகர மன்றக் கூடத்தில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மைக் முன்னால் போய் நின்று சொன்னேன். ஆங்கிலத்தில் எனக்கு எப்போதும் தடுமாற்றம் இல்லை, அன்று ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை தொடங்கினேன். வருஷத்துக்கு ஒரு நாள் நாங்கள் பழைய சாமான்களைக் கொளுத்துவோம் என்றபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீல் எழுந்தார். நல்ல மரியாதையான மனுஷர். ஒரு தடவை உண்மையை மறைத்தவர் நீங்கள், மற்ற ஞாயிற்றுக்கிழமைகளிலும் என்னென்ன நடந்தது என்று எப்படி நம்புவது, இரண்டு வருஷத் தாளையும் தொட்டது உங்கள் கைதானே என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி.

கதவுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கோட்டும் டையும் போட்டிருந்தார். எப்போதாவது இன்டர்வியூ வந்தால் போட வேண்டும் என்று வாங்கி, ஆறு வருஷம் அலமாரியில் தொங்கிய கோட்டு. எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது.

"தீ வைத்தது நான்," என்றார் மனோகர். "இந்த வீட்டுக்கு நாங்கள் வந்தது போன கோடையில். அதற்கு முன்னால் ஊரின் அந்தக் கோடியில் அபார்ட்மென்ட். அங்கே பால்கனிகூடக் கிடையாது. வாடகை ரசீது எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். அந்த முற்றத்தில் எங்களுக்கு வந்த போகி இந்த ஒன்றுதான்."

அக்கவுன்டன்ட் இல்லையா, ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி ஃபைலில் போட்டிருந்தார். கூட இருந்தது யார் யார் என்று வக்கீல் கேட்டார். வைத்தவன் பேர் போதும் என்றார் மனோகர். எடை எழுதிய தாள்களை டோலோரஸ் ஒவ்வொரு மாதமும் தானே சரிபார்த்த கையெழுத்து இருப்பதை அவளும் எழுந்து காட்டினாள்.

வெளியே வந்தபோது மார்த்தா படியில் நின்றிருந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் என் முகத்தைப் பார்த்து, "மூன்று வாரம்," என்றாள். "நான் உன்னிடம்தான் வந்து கேட்டேன்."

காரில் வரும்போது மனோகரிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். சிக்னலில் நின்றபோது டையைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டார். பிறகு, "கால்மிதிய உள்ள போட்டது நான்தான, நீ வேணான்ன இல்ல" என்றார். அந்த இரண்டு நாள் கோபம் அதோடு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

7

எங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். மீதி ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. கிரஷருக்குக் கூரை போட வேண்டும், கல் போகும் பாதையை மூட வேண்டும், ஊரின் கழிவுநீரைச் சுத்தப்படுத்தித் தருகிற தண்ணீரை வாங்கித் தெளிக்க வேண்டும் என்று உத்தரவானது. ஏப்ரல் கடைசியில் தகரக் கூரை ஏறி முடிந்தது.

எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. ஊரை விட்டுக் கிளம்பும் வரை ஃபைல் அடுக்கும் வேலை. கிரீன் கார்டு மனு முதல் படிக்குப் போய்விட்டது, அப்புறம் படியே இல்லாமல் போயிற்று. நல்ல வேளையாக அது ஒய்-டூ-கே காலம், இரண்டாயிரமாவது வருஷம் பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களையெல்லாம் திருத்துகிற அவசரம். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று சொன்னால் கொத்திக்கொண்டு போனார்கள். லைப்ரரிப் புத்தகப் படிப்பு வீண்போகவில்லை. ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்கின் கான்ட்ராக்டில் மனோகருக்கு எச்-ஒன் கிடைத்தது. நான் எச்-ஃபோர் ஆனேன். கிரீன் கார்டு வரிசையில் மறுபடி கடைசியில் போய் நின்றோம், இன்னும் நிற்கிறோம். இங்கே எங்கள் கதையைக் கேள்விப்பட்ட ஒருவர், வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் சிட்டிசனே ஆகியிருக்கலாமே என்றார். ஆகியிருக்கலாம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு புதன்கிழமை அந்த ஊரை விட்டுக் கிளம்பினோம். காரில் சாமான் கூரை வரைக்கும் இருந்தது. ஸ்கூல் ஆபீசில் காவ்யாவின் மாற்றல் காகிதமும் தடுப்பூசி ரெக்கார்டும் வாங்க வேண்டியிருந்தது. விலகும் காரணம் என்று ஒரு கட்டம். கிளார்க் அம்மாள் ஹியரிங்குக்கு வந்திருந்தவள். அவளே 'வேலை மாற்றம்' என்று எழுதிக்கொண்டு, என் பக்கம் கையெழுத்துக்கு நகர்த்தினாள்.

வெளியே வந்தபோது ரிசஸ் மணி அடித்தது. கூரை ஏறியபின் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கதவைத் திறந்துவிட்டார்கள், பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். ஜன்னல்கள் திறந்திருந்தன. எதிர்ச்சாரியில் கிரஷர் ஓடும் சத்தம் கேட்டது, கூரைக்கு மேலே ஒன்றும் எழும்பவில்லை. டானி நடுமைதானத்தில் நின்றுகொண்டு காவ்யாவைக் கையாட்டிக் கூப்பிட்டான்.

அவள் கார்க் கதவில் கை வைத்தபடியே, "அம்மா, கேன் ஐ?" என்று கேட்டாள். பேரைக்கூட ஆபீசில் அடித்துவிட்டார்கள், அவள் இனி அந்த ஸ்கூல் பிள்ளை இல்லை. இருட்டுவதற்குள் ஐந்நூறு மைல் போக வேண்டும். நான் மனோகரைப் பார்த்தேன். அவர் கார்ச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "பெல் அடிக்கிற வரைக்கும் வெளையாடிட்டு வா" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். காவ்யா அந்த ஸ்கூலில் மூன்று வருஷம் படித்தாள். வாரநாளில் அந்த மைதானத்தில் அவள் விளையாடியது அந்த இருபது நிமிஷம்தான்.